துன்பத்தில் பிடித்த கையை நல்ல காலத்தில் விடுவது ஏன்?

வேர்க்கோடு சகோதரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் தோத்திரம். சில காலமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஊரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. என் வீட்டைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் ராமேசுவரத்தில் விசைப்படகுத் தொழில் செய்கிறவர்கள். என் கொழுந்தனார் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்த காலத்தில், ஜெபமாலை சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் படுத்ததில்லை. அந்தோணியார் சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி அணையாமல் மாமியார் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் முழங்காலில் நின்றபடியே தூங்கி விழுவார்கள். தட்டி எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார்கள். 53 மணியும் முடியாமல் சோற்றுப் பானையைத் திறந்தது கிடையாது.

அவர் விடுதலையாகி வந்தார். நன்றிப் பூசை வைத்தோம். பிறகு தொழில் கூடி வந்தது. இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது, படகில் பங்கு வாங்கினார்கள், வீட்டுக்கு மாடி எழுந்தது. அந்த ஜெபமாலை இப்போது சுரூபத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மாமியாரின் விரல் பட்டுப் பட்டுச் சிலுவையின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. மணிகளின் இடுக்கில் தூசி அடைந்திருக்கிறது.

யாரும் வேதத்தை மறுதலிக்கவில்லை. யாரும் பெரிய பாவம் எதிலும் விழுந்துவிடவில்லை. சனிக்கிழமை கடலுக்குப் போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வருகிறது. பூசை மணி அடிக்கும் நேரத்தில் இறாலைத் தரம் பிரித்து, எடை போட்டு, கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் அந்த வேலையை முடித்த கையோடு ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு பாதிப் பூசைக்காவது ஓடி வருவார்கள். இப்போது நேராக வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார்கள். முதலில் உடல் அலுப்பு என்றார்கள். இப்போது காரணம் சொல்வதுகூட இல்லை.

துன்பம் விசுவாசத்தைச் சோதிக்கும் என்று கோயிலில் கேட்டு வளர்ந்தோம். நல்ல காலமும் சோதிக்கும் என்று யாரும் எங்களைத் தயார் செய்யவில்லையே! உங்கள் ஊர்களிலும் இப்படித்தானா? என்ன செய்தீர்கள்?

---

தேவிபட்டினம் போதகர் மகன்

சகோதரி, நான் வேறு சபையைச் சேர்ந்தவன். ஆனாலும் நீங்கள் எழுதியது எங்கள் வீட்டுக் கதை போலவே இருக்கிறது.

உபாகமம் 8ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் மன்னாவைத் தின்று வாழ்ந்த ஜனங்களை மோசே எச்சரிக்கிறார். பசியைக் குறித்து அவர் பயப்படவில்லை. நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருந்து, ஆடுமாடுகள் திரளாகி, வெள்ளியும் பொன்னும் பெருகும்போது இருதயம் மேட்டிமையடைந்து கர்த்தரை மறந்துபோவீர்களே என்றுதான் பயப்படுகிறார். உங்களைத் தயார் செய்யும் வசனம் வேதத்தில் இருந்திருக்கிறது. நாங்கள் பிரசங்கம் செய்கிறவர்கள்தான் அதை அதிகம் எடுத்துப் பேசுவதில்லை.

பின்மாற்றம், அதாவது விசுவாசத்தில் பின்வாங்கிப் போவது, என்ற வார்த்தையைக் கேட்டவுடன், குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவனைத்தான் நினைக்கிறோம். வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தில் எபேசு சபையைப் பாருங்கள். பிரயாசம் இருந்தது, பொறுமை இருந்தது, கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடிக்கும் கூர்மையும் இருந்தது. ஆதியில் இருந்த அன்பு மட்டும் போய்விட்டது. அதற்கு ஆண்டவர் சொல்லும் மருந்தைக் கவனியுங்கள்: எங்கிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். பழைய உணர்ச்சி திரும்பி வரும்வரை காத்திரு என்று அவர் சொல்லவில்லை. செய்கையை முதலில் திருப்பச் சொல்கிறார்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறவன் தேமா. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அவனை உடன்வேலையாட்களில் ஒருவனாகச் சொல்கிறார். கொலோசெயருக்கு எழுதியதில் லூக்காவின் பெயருக்குப் பின்னால் அவன் பெயர் மட்டும் வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான். நடுவில் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. சொல்லும்படியாக ஒன்றும் நடக்காமலேகூட இருந்திருக்கலாம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

---

பாம்பன் கச்சான்

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் பேச்சு போகிற போக்கில் எனக்குச் சம்மதம் இல்லை.

எந்த நாள் கடலுக்குப் போவது என்பதை எங்கள் விசைப்படகுத் தொழிலாளி முடிவு செய்வதில்லை. திங்கள், புதன், சனி என்று நாள் வகுத்தாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. படகுகள் பிடிபட்டால் வேலைநிறுத்தம். மிஞ்சிய நாள்களில்தான் டீசல் பாக்கியும் ஐஸ் பாக்கியும் அடைய வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வர வேண்டும். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்தவன் ஞாயிறு காலையில் தூங்கினால் அவன் கடவுளை விட்டுப் போய்விட்டான் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் சொல்கிறேன். திருவிழாக் கணக்கில் தொடங்கிய சண்டையால் பல வருடங்களாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவரை எனக்குத் தெரியும். இருவரும் ஞாயிறு தவறியதே இல்லை. பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தால் ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் திரும்பிக் கைகூப்புவார்கள். நடுவில் இருக்கும் நாங்கள் இரண்டு பேருக்கும் வணக்கம் வைப்போம். தளர்ந்துபோன விசுவாசம் யாருடையது? கரையில் இறால் எடை போட்டுக்கொண்டிருந்தவனுடையதா, இவர்களுடையதா?

---

தேவிபட்டினம் போதகர் மகன்

கச்சான் அண்ணே, நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு என்னிடம் மறுப்பே இல்லை. உதட்டினால் கனம் பண்ணுகிறார்கள், இருதயமோ தூரமாய் இருக்கிறது என்று ஏசாயா சொன்னதும் ஆலயத்துக்குள் நின்றவர்களைப் பார்த்துத்தான்.

முதல் விஷயத்தில் மட்டும் ஒரு சந்தேகம். சகோதரி வருகைப் பதிவேட்டைப் பற்றி எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. வர முடியாமல் போனபோது முன்பு இருந்த ஏக்கம் இப்போது இல்லை என்பதைத்தான் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

---

சின்னப்பாலம் பாசிக்காரி

நல்ல காலத்தில்தான் விசுவாசம் குறையும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். இல்லாதவர்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்.

நாங்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவர்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு ஒவ்வொன்றாகத் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவோம். அந்தத் துணியைச் சுற்றும்போது விரலுக்கு ஒரு ஜெபம் என்று சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை என் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். தண்ணீரில் இறங்குவதற்கு முன் பத்து ஜெபம் முடிந்துவிடும். வாரக் கடன் கட்ட முடியாமல் போன காலத்தில் அது நின்றுபோனது. துணி சுற்றுகிற நேரமெல்லாம் இந்த வாரம் யாரிடம் கைமாற்று வாங்குவது என்ற கணக்கே ஓடியது. கடவுள்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவரிடம் பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர், வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம் என்று கேட்கிறார். செல்வம் வந்தால் ஆண்டவர் யார் என்று கேட்டுவிடுவேன், வறுமை வந்தால் திருடிவிடுவேன் என்கிறார். அவருக்கு இரண்டு பக்கத்தின் ஆபத்தும் தெரிந்திருக்கிறது.

எனக்கு அந்தப் பழக்கம் திரும்பி வந்தது என்னால் இல்லை. கூடப் பாசி எடுக்கும் ஒரு அக்கா, "என்னடி, இப்போதெல்லாம் உன் வாய் அசையவே இல்லை?" என்று கேட்டார். அவர் இந்து. நான் சுண்டு விரலில் தொடங்கி என்னவோ முணுமுணுப்பதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் கோயிலில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

---

ஓரியூர் யாத்திரிகன்

பாசிக்கார அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. இருந்தாலும் சகோதரியின் கேள்வியை ஒட்டி எங்கள் மண்ணின் வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

போர்த்துக்கல்லிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) நாம் எல்லோரும் ஓரியூரில் வைத்தே நினைக்கிறோம். சேதுபதி கிழவன் காலத்தில், 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. அந்த ஆண்டு அது சாம்பல் புதன்கிழமை. முந்திய நாள் சிறையிலிருந்து கரியை நீரில் கரைத்துக் கடிதம் எழுதியவர் அவர். ஓரியூர்ச் செம்மண்ணைக் கையில் எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளும்போது, அவர் வாளுக்கு அஞ்சாததையே நாம் வியக்கிறோம்.

எனக்கோ அதற்கு முந்திய ஆண்டுகள்தான் பெரிதாகப் படுகின்றன. 1686இல் சேதுபதி ஆண்ட இதே மறவர் சீமையில் அவர் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார்கள். மேலிடத்தார் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லிஸ்பனில் அவருக்குக் கிடைத்த வரவேற்பை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்த ஊர் அது. சிறுவயதில் அரண்மனையில் வளர்ந்தவர். அப்போது போர்த்துக்கல்லின் அரசராக இருந்த இரண்டாம் பேதுரு அவருக்கு இளமைத் தோழர். அரசர் அவரைத் தம்மோடு வைத்துக்கொள்ளவே விரும்பினார். அங்கே தங்கியிருந்தால் யாரும் அவரைத் துரோகி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அடிபட்ட உடம்பு, நோயுற்ற உடம்பு. தாய்நாட்டிலேயே குருவாகத் திருப்பணி செய்து, மதிப்போடு முதுமை எய்தி, நல்ல மரணம் அடைந்திருப்பார். விசுவாசத்தை மறுதலிக்கும் சொல் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் 1690இல் திரும்பி வந்துவிட்டார். வந்து, மீண்டும் மறவர் சீமைக்குள் நுழைந்தார். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவி தவிர மற்றவர்களை விலக்கியதும், அவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவினர் என்பதும், அதிலிருந்து அருளானந்தர்மேல் வந்த வழக்கும் உங்களுக்குத் தெரிந்தவையே.

ஓரியூர் வாள் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. லிஸ்பன் ஒவ்வொரு காலையும் அவரிடம் "இன்றும் இங்கேயே இரு" என்று சொல்லியிருக்கும். அவர் நின்றது அந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன். சகோதரி, உங்கள் வீட்டுக்கு யாழ்ப்பாணச் சிறை வந்தது, நின்றுவிட்டீர்கள். இப்போது வந்திருப்பது மாடி வீடு.

---

தொண்டி ஆசிரியை

மிக நல்ல பதிவு, யாத்திரிகன் ஐயா. ஆனால் இதைப் படிக்கும் சிலர் வீணாகக் கலங்கிவிடக் கூடாது என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெபத்தில் ஒன்றும் தோன்றவில்லை, மனம் வறண்டு கிடக்கிறது என்று என்னிடம் வந்து அழும் பிள்ளைகள் உண்டு. தாங்கள் கடவுளை விட்டுப் போய்விட்டதாக நினைக்கிறார்கள். வறட்சி வேறு, விலகல் வேறு. அன்னை தெரசா 1997இல் இறந்தார். அவருடைய கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோதுதான் அவர் பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டை மட்டுமே உணர்ந்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த இருட்டோடுதான் ஒவ்வொரு விடியலிலும் எழுந்து நற்கருணைக்கு முன் முழங்காலிட்டார், பிறகு தொழுநோயாளியின் புண்ணைக் கழுவினார். அவரை விலகிப் போனவர் என்று யார் சொல்வார்கள்?

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். மனம் வறண்ட காலத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவு எதையும் மாற்றாதே; ஜெபத்தை விட்டு எழத் தோன்றும்போது குறித்த நேரத்துக்கு மேலும் சற்று இரு என்கிறார். வறட்சியில் இருப்பவர் தாகத்தோடு இருக்கிறார். விலகியவருக்குத் தாகம் தெரிவதில்லை.

எங்கள் பள்ளியில் படித்துவிட்டுச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகும் பிள்ளைகளிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன்: அங்கே போன முதல் ஞாயிறு கோயிலைத் தேடிப் போய்விடு. முதல் ஞாயிறு அறையைச் சுத்தம் செய்வதில் போய்விட்டால், இரண்டாவது ஞாயிறு துணி துவைப்பதில் போகும். அந்த ஊரில் உன்னை யாருக்கும் தெரியாது. நீ வரவில்லை என்று தேடவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

---

தங்கச்சிமடம் மூத்தவர்

பேரனைத் தட்டச்சு செய்யச் சொல்லி இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் அவனுடையது.

நாங்கள் தனுஷ்கோடியிலிருந்து வந்த குடும்பம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் உடுத்த துணி தவிர எதுவும் மிஞ்சவில்லை. அங்கே நின்ற கோயிலின் சுவர்களைத்தான் இன்று சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். அதன்பின் கொட்டகையில் வாழ்ந்த காலத்தில் எங்கள் பெரியவர்கள் சொன்ன ஜெபம் இன்னும் என் காதில் இருக்கிறது. கூரை ஒழுகும்; ஒருவர்கூட எழுந்து போக மாட்டார்கள்.

சகோதரி கேட்டாரே, எப்படி விட்டோம் என்று. இளவயதில் நாங்கள் வள்ளத்தில் பாய் கட்டிப் போவோம். இரவில் வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வள்ளத்தை மெல்ல இழுத்துக்கொண்டு போகும். உள்ளே இருப்பவனுக்கு அது தெரியாது. தண்ணீரைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்பதாகத்தான் இருக்கும். பக்கத்து வள்ளத்து அரிக்கேன் விளக்கைப் பார்த்தால் அதுவும் அதே தூரத்தில் இருக்கும். ஏனென்றால் அதையும் அதே நீவாடுதான் இழுக்கிறது. பாம்பன் கலங்கரை விளக்கைப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று புரியும். அதனால் நான்கு பேர் போனால் ஒருவர் தூங்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீவாடு பிடித்த இரவில் காவல் இருந்தவன் கண்ணயர்ந்துவிட்டால் அவ்வளவுதான்.

"எல்லா வீட்டிலும் இப்போது இப்படித்தானே" என்று என் மருமகள் சொல்கிறாள். எல்லா வீட்டையும் ஒரே நீவாடுதான் இழுக்கிறது, தாயே. நம் வீட்டில் விழித்திருக்கிறவர் யார் என்று பாருங்கள்.

---

மூக்கையூர் உபதேசியார் (பணி ஓய்வு பெற்றவர்)

பெரியவர் சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன். பாசிக்கார அம்மாவிடம் அந்த இந்துச் சகோதரி கேட்ட கேள்வியை நம் ஊர்களில் கேட்பதற்கென்றே ஒரு காலத்தில் ஆள் வைத்திருந்தார்கள்.

புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவ மக்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. அவர் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பத்துக் கற்பனை ஆகியவற்றைத் தமிழில் மனப்பாடம் செய்ய வைத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரிக்கிறார். அவர் ஓர் ஊரில் நிலையாகத் தங்க முடியாதவர். அதனால் ஜெபங்களின் பிரதியை ஊரில் விட்டு, எழுதத் தெரிந்தவர்களைப் படியெடுக்கச் சொல்லி, தினமும் சொல்லச் செய்து, கூட்டி நடத்துவதற்கு ஆள் வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். குருவானவர் வராத மாதங்களிலும் விசுவாசம் அணையாமல் இருந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

அவருக்குப் பின் இந்தக் கரையின் பொறுப்பை ஏற்றவர் அந்தோணி கிரிமினாலி. 1549இல் மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் படைவீரர்கள் தாக்கியபோது, அவர் கப்பலேறித் தப்பித்திருக்கலாம். பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்று கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் வேதசாட்சி அவர். நம் மாவட்டத்துக் கரையில் நடந்த இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

நான் உபதேசியாராக வேலை பார்த்த காலத்தில், ஒரு வீட்டார் இரண்டு ஞாயிறு வரவில்லை என்றால் மூன்றாம் ஞாயிறுக்கு முன் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவேன். திட்டுவதற்காகப் போக மாட்டேன். "உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்று கேட்பேன். பாதி வீடுகளில் உண்மையிலேயே ஏதாவது இருக்கும்: கடன், நோய், கணவன் மனைவி மனத்தாங்கல். அதைக் கேட்டுவிட்டு ஒரு ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து வருவேன். இப்போது அப்படிப் போனால், "எங்களை வேவு பார்க்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். போகிறவர்களும் கேட்டதைத் தெருவில் பரப்பிவிடுகிறார்கள், அதுவும் உண்மை. அக்கம்பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் இதற்காகத்தான் ஏற்பட்டது. சில இடங்களில் அது சந்தா வசூலோடு முடிந்துவிடுகிறது.

எனவே நான் சொல்வது: கோயில் பங்கு மக்கள் எல்லோரையும் திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களைக் கேள்வி கேட்கும் உரிமையை ஒரு வீட்டாருக்கு மனமுவந்து கொடுங்கள். வாயை அடக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொடுங்கள். நீங்களும் அவர்களைக் கேளுங்கள். எபிரெயர் நிருபம் 3ஆம் அதிகாரத்தில் ஒருவருக்கொருவர் நாள்தோறும் புத்திசொல்லுங்கள் என்று இருக்கிறது. நாள்தோறும் என்றால் அது குருவானவரால் ஆகிற காரியம் இல்லை, பக்கத்து வீட்டாரால்தான் ஆகும்.

கச்சான் தம்பிக்கு: ஞாயிறு கடன் சனிக்கிழமை மாலைப் பூசையிலும் நிறைவேறும், ஞாயிறு மாலைப் பூசையிலும் நிறைவேறும் என்பது திருச்சபையின் சட்டம். சனி மாலை உங்கள் ஆட்கள் கடலில் இருப்பார்கள். ஞாயிறு மாலையில் ஒரு பூசை வேண்டும் என்று படகுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து பங்குச் சாமியிடம் போய்க் கேளுங்கள். தொழிலாளிக்கு நியாயம் வேண்டும் என்று நீங்கள் எழுதியது முழுக்க முழுக்கச் சரி. அந்த நியாயத்தைக் கோயிலிலும் கேட்டு வாங்குங்கள்.

---

பாம்பன் கச்சான்

உபதேசியார் ஐயா, மாலைப் பூசை கேட்பதற்கு நான் முன்னால் நிற்கிறேன். சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

கேள்வி கேட்கும் வீட்டைப் பற்றி ஒரு நிபந்தனை: சம்பளத்துக்குப் போகிறவன் வீட்டைப் படகு முதலாளி வீடு கேட்பதாக இருக்கக் கூடாது. கேட்கிறவரும் கேட்கப்படுகிறவரும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்தியின் பெயரால் இன்னொரு அதிகாரம் முளைக்கும்.

---

மூக்கையூர் உபதேசியார்

ஒப்புக்கொள்கிறேன், தம்பி. நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

---

வேர்க்கோடு சகோதரி

எல்லோருக்கும் நன்றி. பதிவுகளை வீட்டில் சத்தமாக வாசித்தேன். லிஸ்பன் பற்றி எழுதியதைக் கேட்டு என் கணவர் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். கொழுந்தனார் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். கோபமா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை; நான் கேட்கவும் இல்லை.

முழு ஜெபமாலை என்று தொடங்கினால் ஒரு வாரம்கூட ஓடாது என்று மாமியார் சொன்னார். ஆகவே பத்து மணி மட்டும் சொல்கிறோம், சோறு போடுவதற்கு முன். ஆண்கள் கடலுக்குப் போன இரவில் பெண்களும் பிள்ளைகளும் சொல்கிறோம். பக்கத்துத் தெருவில் பெரியம்மா வீட்டாரிடம் எங்களைக் கேட்கச் சொல்லியிருக்கிறோம். அவர்களும் நாட்டுப்படகு வைத்துச் சொந்தத் தொழில் செய்கிறவர்கள்தான். யாருக்கும் யாரும் கடன்பட்டவர்கள் இல்லை. முதல் வாரமே பெரியம்மா வந்து, "கேட்கச் சொன்னாயே, கேட்கட்டுமா?" என்றார். என் கணவர் சிரித்துவிட்டு, இல்லை பெரியம்மா, இந்த வாரம் போகவில்லை என்று உண்மையைச் சொன்னார். அடுத்த ஞாயிறு போனார்.

---

படகு வேலைக்காரன்

நான் இதுவரை இங்கே எதுவும் எழுதியதில்லை. விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து பல வருடங்கள் ஆகிவிட்டன. திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குவேன், கொடியேற்றத்துக்கு நிற்பேன்; நற்கருணை நேரத்தில் மட்டும் வெளியே வந்துவிடுவேன். திரும்பி வரவேண்டும் என்ற ஆசை இருக்கிறது. எங்கள் ஊர்ச் சாமி என்னோடு பந்து விளையாடுகிறவர். அவரிடம் போய் மண்டியிட வெட்கமாக இருக்கிறது. ஜெபம்கூடப் பாதி மறந்துவிட்டது.

---

மூக்கையூர் உபதேசியார்

தம்பி, வெட்கப்படாமல் எழுதியதற்குக் கடவுளுக்குத் தோத்திரம்.

சொந்த ஊர்ச் சாமியிடம்தான் போக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உங்களைத் தெரியாத ஊருக்குப் போங்கள். கேட்டதை வெளியே சொல்ல எந்தக் குருவுக்கும் உரிமை கிடையாது, உயிரே போனாலும். ஜெபம் மறந்துவிட்டது என்றால் உட்கார்ந்தவுடன் அதையே முதலில் சொல்லுங்கள்; அவர் வரி வரியாகச் சொல்லித் தருவார். எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தி எழுதிவைத்துக்கொண்டு போகலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைப் போகும் வழியில் வாசியுங்கள். மூன்று முறை மறுதலித்த பேதுரு பழையபடி வலை வீசப் போய்விட்டார். ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். பிறகுதான் கேள்வி. அந்தக் கேள்வியும் "ஏன் மறுதலித்தாய்?" என்று இல்லை, "என்னை நேசிக்கிறாயா?" என்றுதான் இருக்கிறது.

---

ஓரியூர் யாத்திரிகன்

தம்பி, விசைப்படகுக்கு வெள்ளிக்கிழமை கடல் இல்லை அல்லவா? வரும் வெள்ளி நான் ஓரியூர் போகிறேன். தொண்டியில் இறங்குங்கள், வண்டியில் சேர்ந்து போகலாம். சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வைக்கிறேன். வழியில் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

---

படகு வேலைக்காரன்

வியாழன் காலையில் படகு கரை சேர்ந்துவிடும். வெள்ளி முதல் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன், அண்ணே.